வள்ளி பிடுங்கிய முடியும் நான் இறக்கிய முடியும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷங்களாக யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். தை மாதம் அறுப்பு முடிந்து கை ஓய்ந்ததும் காகிதத்தை எடுப்பேன். 'முருகன் துணை' என்று தலைப்பில் எழுதுவேன். அப்புறம் என்னை அறியாமல் என் தலையைத் தடவிப் பார்ப்பேன். வெட்கம் வந்துவிடும். காகிதத்தை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவேன். அந்தக் காகிதங்களுக்கு நடுவில் பல்லிகள் தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்தியதுதான் மிச்சம்.

வெட்கத்துக்குக் காரணம் உண்டு. அஞ்சாம் வகுப்போடு ஏர் பிடிக்கப் போன ஒருவன், தான் வளர்த்த முயலின் போக்கைத் தப்பாகப் புரிந்துகொண்டு, மேளம் கொட்டிக்கொண்டிருந்த கல்யாண வீட்டை அரை நாழிகைக்கு இழவு வீடாக்கிய கதை இது. அந்த ஒருவன் நான்தான்.

அது யுத்த காலம். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்க வேண்டும். பஸ்களுக்குப் பெட்ரோல் இல்லாமல் அடுப்புக் கரியில் ஓட்டினார்கள். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் விளைநிலம், காடு என்போம். ஒரு கிணறு, ஒரு ஜோடி மாடு, நான், என்னைப் பெற்ற அய்யன், என் மனைவி செல்லாயி. கல்யாணமாகி எட்டு வருஷம். குழந்தை இல்லை.

எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. இன்று என்னைப் பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள், எங்கள் ஊரில் முதன்முதலாகக் குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்துக்கொண்டவன் நான். அதற்காகவே சேலத்துக்குப் போய் ஒரு சலூனில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். ஏர் ஓட்டும்போதும் மடியில் சீப்பு இருக்கும். மீசையை இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டிருப்பேன். (மாடுகள் மட்டும்தான் பார்க்கும் என்றாலும் முறுக்குவதில் குறை வைத்ததில்லை.) செல்லாயி சொல்வாள்:

"ஏனுங்க, அந்தக் கண்ணாடிய சித்த நேரம் உடுங்க. நீங்க பாத்துப் பாத்து அது தேஞ்சு போயிருச்சு."

இந்தக் கிராப்புக்குப் பின்னால் ஒரு பாக்கி இருந்தது. கிணறு வெட்டும்போது வெறும் பாறையாக வந்துகொண்டிருந்த சமயம், திருச்செங்கோட்டு மலை இருக்கும் திசையைப் பார்த்து, "செங்கோட்டு வேலவா, தண்ணி காட்டினால் மீசையோடு முடி இறக்குகிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். தண்ணீர் வந்தது. முடி மட்டும் இறங்கவில்லை. ஒரு வருஷம் மாட்டுக்குச் சீக்கு என்றேன். இன்னொரு வருஷம் மழை அதிகம் என்றேன். அதற்கடுத்த வருஷம் மழை இல்லை என்றேன். நிஜமான காரணம் என் தலைமேல் எண்ணெய் பூசிக்கொண்டு பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

ஆனால் எல்லாரும் தூங்கிய பிறகு எனக்கு மட்டும் ஒரு நினைப்பு வரும். முருகனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காததால்தான் எங்கள் வீட்டில் தொட்டில் கட்டவில்லையோ? இதைச் செல்லாயியிடம் சொன்னதில்லை.

இனி முயல். செல்லாயியின் தம்பி நாச்சிமுத்து ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் வேலையாக இருந்தான். யுத்தத்தினால் அந்தத் தோட்டத்துத் துரை சீமைக்குக் கிளம்பியபோது வளர்த்த பிராணிகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டாராம். நாச்சிமுத்துவின் பங்குக்கு வந்தது ஒரு பெண் முயல். பால் வெள்ளை, சிவப்புக் கண். அதை மூங்கில் கூடையில் வைத்து அக்காளிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான்.

எங்கள் பக்கத்தில் முயல் என்றால் காட்டில் ஓடும், வேட்டைக்குப் போனவன் தோளில் வரும், சட்டியில் வேகும். மடியில் உட்காருகிற முயலை ஊரார் கண்டதில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் தினமும் வேலிக்கு அந்தப் பக்கத்தில் நின்று, "ஏப்பா, இன்னமும் குழம்பு வெக்கலியா?" என்று விசாரிப்பார். செல்லாயி அவருக்கு மோர் கொடுப்பதையே நிறுத்திவிட்டாள்.

மலையிலிருந்து வந்தவள் என்பதால் வள்ளி என்று பேர் வைத்தோம். சில மாதத்திலேயே அவளுக்கென்று ஒரு முறை ஏற்பட்டுவிட்டது. விடியற்காலையில் செல்லாயி சாணி தெளிக்கும்போது கூடவே வாசலைச் சுற்றி வருவாள். ஆட்டுக்கல்லில் மாவாட்டும்போது பக்கத்தில் காலை நீட்டிப் படுத்துக்கொள்வாள். வெயில் நேரத்தில் தானியக் குதிருக்கு அடியில் தூக்கம். சாயங்காலம் நான் காட்டிலிருந்து வந்தால் என் காலைச் சுற்றிச் சுற்றி ஓடுவாள். மாடு தும்மினால் பின்னங்காலால் தரையை 'டப்'பென்று அடித்து அதட்டுவாள். சந்தைக்குப் போனால் நான் மறக்காமல் வாங்கி வருவது செல்லாயிக்குப் பூவும் வள்ளிக்கு முள்ளங்கியும்தான். அந்த முள்ளங்கியைச் செல்லாயி துண்டு துண்டாக நறுக்கி ஊட்டுவாள். அப்போது அவள் முகத்தை நான் பார்க்க மாட்டேன்.

பங்குனியில் நாச்சிமுத்துவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஆட்டையாம்பட்டிப் பக்கம் என் மாமனார் ஊர். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவனோடு உடன் பிறந்தவள் கூறைப்புடவையோடு நின்று செய்கிற சீர். நாளைக்கு உன் பிள்ளைக்கும் என் பிள்ளைக்கும் முடிச்சுப் போடலாம், உறவு அறுந்துபோகாது என்று அண்ணன் தம்பியும் அக்காள் தங்கையும் ஊரறியச் சொல்லிக்கொள்வது. நாச்சிமுத்துவுக்குக் கூடப் பிறந்தவள் செல்லாயி ஒருத்திதான்.

ஆனால் அவளுடைய பெரியம்மா ஒருவர் இருந்தார். ஊரே பெரியாத்தா என்று கூப்பிடும். அவர் மகள் பாவாயிக்கு இரண்டு பிள்ளைகள். 'புள்ளகுட்டி இருக்கறவ நிக்கட்டும்' என்று பெரியாத்தா பேச்சை எடுத்துவிட்டதாகத் தகவல் வந்தது. செல்லாயி அன்று சாப்பிடவில்லை. எங்கள் கல்யாணத்துப் பட்டுச் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்து நிழலில் உலர்த்திக்கொண்டே கேட்டாள்:

"என்னைய நிக்க உடுவாங்களாங்க?"

"உடாம? உன்ற தம்பி கல்யாணம். நீ நிக்காம ஆரு நிக்கறது?"

"ஆராச்சும் ஒரு வார்த்த சொல்றதுக்குக் காத்துக்கிட்டு இருக்கறாங்க. நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாங்க. நல்ல வேட்டியாக் கட்டிக்கிட்டு, முகூர்த்தத்துக்கு மொத நாளு பொழுதோட வந்து எனக்குப் பின்னால மானமா நில்லுங்க. எனக்கு அது போதும்."

இவ்வளவுதான் அவள் கேட்டது. இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வேலைக்கு ஒத்தாசையாக இருக்கச் செல்லாயி ஒரு வாரம் முன்னதாகவே மாமனார் அனுப்பிய வண்டியில் கிளம்பினாள். துணைக்கு என் அய்யனும் போனார். நானும் வள்ளியும் தனியானோம். அப்போது ஆரம்பித்தது.

மறுநாளே வள்ளி மாறிப்போனாள். விடியலில் வாசலுக்கு வரவில்லை. குதிருக்கு அடியில் போய்த் தரையைப் பறண்டிக்கொண்டே இருந்தாள். என் காலைச் சுற்றவில்லை. முள்ளங்கியை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தடவப் போன கையில் 'உர்'ரென்று ஒரு சத்தத்தோடு கடி விழுந்தது. முயல் உறுமும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அவளைப் பிரிந்த ஏக்கம் என்று முடிவு செய்தேன். (எனக்கு அந்த ஏக்கம் இருந்ததால் முயலுக்கும் இருக்கும் என்று தோன்றிவிட்டது. வெறும் வீட்டில் ஆட்டுக்கல் சும்மா கிடப்பதைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை.) செல்லாயியின் வாசனை இருந்தால் தேறும் என்று அவள் பழைய சேலையை எடுத்து என்மேல் போர்த்திக்கொண்டு, முக்காடும் போட்டு, ஆட்டுக்கல் பக்கத்தில் உட்கார்ந்து, "வள்ளீ, கண்ணு, வா சாமி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். முறுக்கிய மீசை முக்காட்டுக்கு வெளியே தெரிந்திருக்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் கயிறு கேட்க வந்தவர், என்னைப் பார்த்தார். கயிறைக்கூடக் கேட்கவில்லை. வந்த வழியே பின்பக்கமாகவே நடந்து போனார்.

அடுத்து, கண்ணேறு என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். நானும் வள்ளியும் மாடுகளும் ஒரு மணி நேரம் தும்மினோம். மாட்டு வைத்தியரைக் கூட்டி வந்தேன். அவர் இரண்டு பக்கமும் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கொம்பும் இல்ல, குளம்பும் இல்ல. நான் எதப் புடிச்சு வைத்தியம் பாக்கறதுங்க?"

அதற்குள் வள்ளி வைக்கோலை வாய் நிறையக் கவ்விக்கொண்டு இங்கும் அங்கும் ஓட ஆரம்பித்தாள். பார்த்தால் வெள்ளை மீசை வைத்த தாசில்தார் மாதிரி இருக்கும். அந்த வைக்கோலைக் கூடைக்குள் கொண்டுபோய்ப் போட்டாள். அப்புறம்தான் நான் அதைப் பார்த்தேன். உட்கார்ந்த இடத்தில் குனிந்து, தன் நெஞ்சிலிருந்தும் வயிற்றிலிருந்தும் முடியை வாயாலேயே பிடுங்கிக்கொண்டிருந்தாள். கொத்துக் கொத்தாக. நெஞ்சு சிவந்து வெறும் தோலாகத் தெரிந்தது.

கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

முருகனுக்கு நான் தர வேண்டிய முடி. பிடுங்கிக் கொடுப்பவள் பேரோ வள்ளி. இதற்குமேல் ஒரு மனுஷனுக்கு எப்படிச் சொல்லி விளங்க வைப்பது? நீ தராததை என் வீட்டுக்காரி தருகிறாள் பார் என்று வேலவர் முகத்திலடித்த மாதிரி சொல்லிவிட்டார் என்றே நினைத்தேன். தரையில் விழுந்து கும்பிட்டேன். வள்ளி என் விரலைக் கடித்தாள். அதையும் உத்தரவு என்று எடுத்துக்கொண்டேன்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் விடியலில் மாடுகளைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் பொறுப்பில் விட்டுவிட்டு (என்னோடு பேசும்போது எட்டியே நின்றார்), வள்ளியை வைக்கோலும் முடியுமாக அதே கூடையில் வைத்து, மேலே துண்டைக் கட்டி, கிடைத்த வண்டியைப் பிடித்துத் திருச்செங்கோடு போனேன். முடி இறக்கிவிட்டு அங்கிருந்து நேரே ஆட்டையாம்பட்டி போய்விடலாம் என்பது திட்டம். மொட்டைத் தலையில் சந்தனம் இருந்தால் வேண்டுதல். சந்தனம் இல்லாமல் மீசையும் இல்லாமல் வந்தால் வீட்டில் சாவு. இது எங்கள் பக்கத்தில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். ஆகவே நிறையச் சந்தனம் பூசிக்கொள்வது என்று தீர்மானித்திருந்தேன். என் புத்தி அவ்வளவு தூரம் வேலை செய்தது.

மலையடிவாரத்தில் நாவிதர் என் கிராப்பைத் தொட்டுப் பார்த்து வருத்தப்பட்டார்.

"நல்ல முடிங்க. மீசையுமா?"

"எல்லாந்தானுங்க."

"ரோசனை பண்ணிச் சொல்லுங்க. கத்தி வெச்சா திருப்பி ஒட்ட முடியாது."

"வையுங்க!"

முடி மடியில் விழ விழ எனக்குக் கண் நிறைந்தது. துக்கமில்லை. வருஷக்கணக்காகத் தூக்கிக்கொண்டு திரிந்ததை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. குளித்துவிட்டுக் கூடையோடு படியேறினேன். சந்நிதியில் நின்றேன். என்ன கேட்டேன் என்று எழுத வேண்டியதில்லை. வாய்விட்டுக் கேட்கவில்லை, கூடையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினேன், அவ்வளவுதான். அவ்வளவு மனசோடு அதற்கப்புறம் நான் எந்தக் கோயிலிலும் நின்றதில்லை.

கீழே வந்து துண்டை விலக்கிப் பார்த்தால், வள்ளி இன்னமும் முடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்! தலையும் போயிற்று, மீசையும் போயிற்று, இன்னும் என்ன பாக்கி? புருவத்தையும் கேட்கிறாரோ என்று ஒரு கணம் புருவத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அவள் நெஞ்சு சிவந்து கிடந்ததைப் பார்க்கப் பொறுக்காமல் வாங்கிய சந்தனத்தில் முக்கால்வாசியை அவளுக்குப் பூசினேன். மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டேன்.

அப்புறம் கரி பஸ். பின்பக்கம் அண்டா மாதிரி ஒரு உலை. பஸ் ஒவ்வொரு மேட்டிலும் முனகிக்கொண்டு நிற்கும். "ஆம்பளைங்க எல்லாம் எறங்குங்க சாமி" என்பார் கண்டக்டர். இறங்கித் தள்ள வேண்டும். எனக்குக் கிடைத்த இடம் உலைக்குப் பக்கத்தில். பங்குனி வெயிலில் வேர்வை வழிந்து சந்தனம் முதல் மேட்டிலேயே கரைந்து போயிற்று. இரண்டாம் மேட்டில் கரிப்புகை அந்த இடத்தில் குடியேறியது. ஆட்டையாம்பட்டியில் இறங்கியபோது தலை கறுத்து, கண் சிவந்து, புகையினால் தண்ணீர் தாரை தாரையாக வழிய, தொண்டை கம்மிப்போய், துண்டு மூடிய கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் நடந்தேன். கண்ணாடி பார்க்காத ஒரே நாள் அதுதான்.

கல்யாண வீட்டு வாசலில் வாழைமரம், பந்தல், மேளம். வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டிருந்த மாமனார் என்னைப் பார்த்தார். கையிலிருந்த சந்தனக் கிண்ணம் நழுவி விழுந்தது.

"மாப்ளே... எப்பங்க?"

"காலையிலங்க மாமா" என்றேன் கம்மிய குரலில். "வெயில் ஏறறதுக்குள்ள."

"ரொம்ப சிரமப்பட்டுதுங்களா?"

"இல்லீங்க. சுருக்கா முடிஞ்சுது."

மாமனார் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். எனக்கு மெய் சிலிர்த்தது. என் வேண்டுதலுக்காக மாமனார் இப்படி உருகுகிறாரே என்று நானும் அழுதேன். மேளம் நின்றது. உள்ளேயிருந்து வந்த பெரியாத்தா என் தலையைப் பார்த்தார், மார்பில் அறைந்துகொண்டு, "அய்யோ, சம்பந்தீ! தங்கமான மனுசன், இப்படி ஏமாத்திட்டுப் போய்ட்டீங்களே!" என்று ராகம் எடுத்துவிட்டார். பந்தலில் இருந்த பெண்கள் ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். சமையல்காரர் அடுப்பிலிருந்து அண்டாவை இறக்கச் சொன்ன சத்தம்கூட எனக்குக் கேட்டது.

அப்போது கொல்லைப்புறத்திலிருந்து, வாய் நிறைய வெற்றிலையோடு, வேட்டியைச் சரி செய்துகொண்டே என் அய்யன் வந்தார். (மூன்று நாள் முன்பு பக்கத்து ஊர்ச் சிநேகிதரைப் பார்க்கப் போனவர்; ஊருக்கே திரும்பிவிட்டார் என்று இங்கே நினைத்திருந்தார்கள், அவர் கொல்லை வழியாகத் திரும்பி வந்ததை யாரும் கவனிக்கவில்லை.)

"கல்யாண ஊட்டுல என்னங்க இது அழுவாச்சி? ஆரு போய்ட்டாங்க?"

பெரியாத்தா ராகத்தின் நடுவில் நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதானுங்க!" என்றார்.

"நானா?" அய்யன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு யோசித்தார். "எங்கிட்ட ஆரும் சொல்லலியே."

அய்யன் என் பக்கம் திரும்பினார்.

"ஏண்டா, நான் குத்துக்கல்லாட்டம் நிக்கறேன். நீ ஆருக்குடா மொட்டையடிச்சே?"

"முயலுக்குங்க அய்யா" என்றேன்.

இன்றைக்கு நினைத்தால் 'செங்கோட்டு வேலவருக்கு' என்று சொல்லியிருக்கலாம். அதுதானே உண்மை. அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான். மாப்பிள்ளைக்குச் சவரம் செய்யக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த கல்யாணத்து நாவிதர் என்னை மேலும் கீழும் பார்த்து, "இவருகிட்ட எனக்கு ஒரு வேலையும் மிச்சம் வெக்கலீங்க" என்றார். பந்தலே சிரித்தது. அழுதவர்கள் கண்ணீரைத் துடைக்காமலே சிரித்தார்கள்.

சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒன்று செல்லாயி. வாசல்படியில் பட்டுச் சேலையோடு நின்றிருந்தாள். அவள் கண் என் தலையில் நிற்கவில்லை, என் முகத்தில் நின்றது. 'மானமா வந்து நில்லுங்க' என்று அவள் சொன்னது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பூமி பிளந்தால் கூடையோடு உள்ளே போயிருப்பேன்.

இன்னொருத்தர் பெரியாத்தா. எழுந்து சேலையை உதறிக்கொண்டு பேசினார்:

"சிரிக்கிற விசயமா இது? சுபகாரியத்துல வாய்விட்டு அழுகற மாதிரி ஆயிப்போச்சு. இதுக்கு மேல இவங்க ஊட்டுப் பொம்பளைய இணைச்சீருக்கு நிறுத்தறதா? பாவாயி நிக்கட்டும். நான் பொல்லாதவளுன்னு பேர் வாங்கினாலும் பரவால்ல, கேட்டுப்போடறேன். நாளைக்குப் பொண்ணு குடுக்கறேன், பையன் குடுக்கறேன்னு சொல்ற சீரு இது. இவகிட்டக் குடுக்கறதுக்கு என்ன இருக்குது?"

மாமனார் தரையைப் பார்த்தார். நாச்சிமுத்து, "பெரியாத்தா, என்ற அக்கா..." என்று தொடங்கி முடிக்கத் தெரியாமல் நின்றான். இதற்கெல்லாம் வழி திறந்துவிட்டவன் நான். எட்டு வருஷமாக முதுகுக்குப் பின்னால் பேசியதை, என் மொட்டைத் தலை முகத்துக்கு நேரே பேச வைத்துவிட்டது.

செல்லாயி அழவில்லை. படியிறங்கி வந்து என் கையிலிருந்த கூடையை வாங்கினாள். துண்டை விலக்கினாள். வள்ளி வைக்கோலை வாயில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தாள். அவளுக்குக் கீழே, வைக்கோலுக்கு நடுவில், பிடுங்கிய முடியெல்லாம் குழிவாக, பஞ்சு வைத்துத் தைத்த மாதிரி அழகாகப் பரப்பியிருந்தது. கூடை ஆடிய ஆட்டத்திலும், பஸ் குலுங்கிய குலுக்கலிலும் அதைக் கலையாமல் வைத்திருந்தாள். நான் அன்று முழுக்கப் பார்த்தது முடி பிடுங்கிய நெஞ்சை மட்டும்தான். பிடுங்கிய முடி எங்கே போகிறது என்று பார்க்கத் தோன்றவே இல்லை.

செல்லாயி பார்த்த உடனே சொன்னாள்.

"குட்டிக்கு மெத்தை போடுதுங்க."

ஆடு, மாடு என்று நூறு பேறு பார்த்தவர் பெரியாத்தா. எட்டிப் பார்த்தார். முகம் மாறியது.

"அடி ஆமா! தன்ற ஒடம்பு முடியப் புடுங்கில்ல போட்டிருக்குது! வாயில்லாச் சீவன், பேறுகாலமாப் பாத்து நம்ம வாசலுக்கு வந்திருக்குது சாமி..." அவர் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. "கல்யாண ஊட்டுக்குள்ள இப்படி ஒரு வரவு வந்தா நல்ல சகுனம்."

"அதெப்படி, அங்க ஆணே..." என்று நாச்சிமுத்து வாயைத் திறந்தான். செல்லாயியின் கால் அவன் காலை மிதித்ததை நான் பார்த்தேன். எதற்கு என்று விளங்கவில்லை.

பெரியாத்தா கொஞ்ச நேரம் கூடையையே பார்த்தார். பிறகு செல்லாயியைப் பார்த்தார். "கூடையக் கொண்டுபோயி இருட்டான எடத்துல வெச்சுட்டு வா, அம்மிணி. சீருக்கு நேரமாச்சு" என்றார். மேளம் மறுபடி கேட்டது.

பொழுது சாயும் வேளையில் செல்லாயி தம்பிக்குப் பக்கத்தில் நின்றாள். நான் தலைப்பாகை கட்டிக்கொண்டு அவளுக்குப் பின்னால் நின்றேன். கூறைப்புடவையை ஏந்திக்கொண்டு எல்லாரையும் நேராகப் பார்த்தாள். அவள் அன்று இருந்த மாதிரி எங்கள் கல்யாணத்தன்றுகூட இருக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்கிற சாக்கில் நான் இரண்டு பேர் காலை மிதித்தேன்.

கல்யாணம் முடிந்தும் சில நாள் அங்கேயே தங்கினோம். குட்டி பார்க்கப் பெண்கள் தினமும் வந்து போனார்கள். குட்டி வரவில்லை. வள்ளி மெத்தையைக் காத்துக்கொண்டு படுத்திருந்தாள். பிறகு ஒரு காலையில் எழுந்து, அதைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்து, முள்ளங்கி கேட்டாள்.

நாச்சிமுத்து அப்போதுதான் என்னிடம் சொன்னான்:

"மாமா, தனியா இருக்கற பொட்டை முயலு அப்பப்ப இப்படிப் பண்ணும்ங்க. வவுத்துல ஒண்ணும் இருக்காது. இருக்குதுன்னு அது நெனச்சுக்கும். உறுமும், பறண்டும், வைக்கோல் சேக்கும், முடி புடுங்கும். தோட்டத்துல பல தடவ பாத்திருக்கறேன். சீக்கு இல்ல. மெத்தையக் கலைக்காம உட்டுட்டா தானாத் தெளிஞ்சுரும். அக்காளுக்குத் தெரியாதா? ஊட்டுல ஆண் முயலே கிடையாதே."

எனக்கு அப்போதுதான் அந்தக் கால் மிதித்தது விளங்கியது. செல்லாயியிடம் போனேன். கூடையிலிருந்த முடியைக் கையால் நீவிக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க."

"தெரிஞ்சும்..."

"குட்டி வரும்னு நான் எங்கீங்க சொன்னேன்? மெத்தை போடுதுன்னுதான் சொன்னேன். அது நெசந்தானுங்களே?" முடியை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, "பாவம், அது எவ்வளவு ஆசையாப் போட்டிருக்குது பாருங்க" என்றாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் வேண்டுதலையும், தொட்டிலைப் பற்றி எனக்கிருந்த பயத்தையும் அன்றுதான் அவளிடம் சொன்னேன். அவள் என் மொட்டைத் தலையைத் தடவினாள். கல்யாண வீடு என்றும் பார்க்காமல், பட்டப்பகலில். "இதுக்கா இத்தன நாளு தனியாப் பயந்துக்கிட்டு இருந்தீங்க? எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே இழுத்துக்கிட்டுப் போயி மொட்டை போட்டிருப்பனே" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் அழுதாள்.

நாங்கள் ஊருக்குக் கிளம்பும் நாளில் பெரியாத்தா எள்ளும் வெல்லமும் இடித்து உருண்டை பிடித்துக்கொண்டு வந்தார், பெற்றவளுக்குக் கொடுக்கிற பண்டம். முயலுக்கு என்று சொன்னார். கூடையைப் பார்த்தார். குட்டியும் இல்லை, எதுவும் இல்லை. எப்போது விளங்கியது அவருக்கு என்று தெரியாது. செல்லாயியின் கையைப் பிரித்து, அந்த உருண்டைகளை ஒவ்வொன்றாக அதில் வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகும் வள்ளி எங்களோடு நெடுநாள் இருந்தாள். அவ்வப்போது அவளுக்கு அந்த நாள் வரும். உறுமல் கேட்டதும் நான் வைக்கோல் கொண்டுவந்து போட்டுவிட்டு எட்ட நின்றுகொள்வேன். செல்லாயி கொஞ்சம் இலவம்பஞ்சு வைப்பாள், நெஞ்சு முடி மிஞ்சட்டும் என்று. மெத்தை அவள் கைவிட்ட பிறகுதான் அள்ளுவோம். நாச்சிமுத்துவுக்கு மூத்த பையன் பிறந்தபோது, அப்படிச் சேர்ந்த முடியை அடைத்துச் செல்லாயி ஒரு சின்னத் தலையணை தைத்துக்கொண்டு போனாள். அவன் அதில்தான் தலை வைத்து வளர்ந்தான். இன்று பேரன் எடுத்துவிட்டான். இப்போதும் என்னை 'முயல் மாமா' என்றுதான் கூப்பிடுகிறான். அவர்கள் வகையறாவில் யார் மொட்டை போட்டுக்கொண்டு வந்தாலும், வாசலிலேயே நிறுத்தி, "சாமிக்கா, முயலுக்கா? சொல்லிட்டு உள்ள வாங்க" என்று கேட்காமல் விடமாட்டார்கள். என் அய்யன் நிஜமாகவே காலமானபோதுகூட, துக்கத்துக்கு வந்த ஒரு கிழவர், "இந்தத் தடவ உறுதிதானுங்களே?" என்று கேட்டார். அய்யன் இருந்திருந்தால் முதலில் சிரித்திருப்பார்.

இந்தக் கதை பல ஊர்களுக்குப் போய்விட்டது. சொல்லுகிறவர்கள் நல்ல மனசோடு கடைசியில் ஒன்றைச் சேர்த்துவிடுகிறார்கள். மொட்டை போட்ட பலன், மறு வருஷமே செல்லாயிக்கு ஆண் குழந்தை பிறந்தது என்று. ஒரு பஜனை மடத்தில் குழந்தைக்குப் பேர்கூட வைத்துச் சொன்னார்கள். நான் ஒன்றும் பேசாமல் இருந்துவிடுவேன். செல்லாயி விடமாட்டாள். எந்தக் கூட்டமாக இருந்தாலும் எழுந்து, "எங்களுக்குப் புள்ள இல்லீங்க. அத வெச்சே சொல்லுங்க, கதை நல்லாத்தான் இருக்கும்" என்பாள். முருகன் என் முடியை வாங்கிக்கொண்டான், குழந்தை தரவில்லை. ஆனால் அவளை எனக்குக் கொடுத்திருந்தான். நான் ஒரு நாளும் குறை சொல்லிக் கும்பிட்டதில்லை.

அவள் போய் இரண்டு ஆடி கழிந்துவிட்டது. இப்போது யாராவது குழந்தையைச் சேர்த்துச் சொன்னால் எழுந்து திருத்த ஆள் இல்லை. வெட்கத்தை விட்டு நான் எழுதினது அதனால்தான். படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நான்கு பேருக்குச் சொல்லுங்கள். என்னைப் பார்த்து எவ்வளவு வேண்டுமானாலும் சிரியுங்கள், முக்காட்டையும் புருவத்தையும் விடாமல் சொல்லுங்கள். கடைசியில் மட்டும் குழந்தையைச் சேர்க்காதீர்கள். அவளுக்குப் பிடிக்காது.